இருபதாம் கட்டை

நான்காம் கட்டைக்கு இன்னும் நாற்பது தப்படி இருக்கும்போது அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

பாதையோரத்தில் ஒரு மரம் எப்போதோ காற்றுக்குச் சாய்ந்து கிடந்தது. அதன்மேல் உதிர்ந்திருந்த மஞ்சள் இலைகளைக் கையால் ஒதுக்கினாள். பழுப்புக் கோட்டின் பின்பக்கத்தைச் சுருக்கம் விழாமல் இழுத்துவிட்டாள். யாரோ நாற்காலி போட்டு அழைத்ததைப் போல அமர்ந்தாள்.

"மூணரைன்னு எழுதிக்கோ."

"அட்டையில அரைக்கெல்லாம் இடம் இல்லக்கா. இன்னும் நாப்பது தப்படிதான்."

அக்கா தலையைச் சாய்த்துக் கட்டையைப் பார்த்தாள்.

"நாப்பத்தி ரெண்டு," என்றாள். "எனக்கு ரெண்டு வைக்கவே தெம்பில்ல."

அக்கா தையற்காரி. முப்பது வருடமாகத் துணி வெட்டியவள். கடை வாசலில் ஒருவர் வந்து நின்றால் போதும், கத்தரிக்கோலிலிருந்து தலையைத் தூக்கி, "போன தடவை முப்பத்தாறு, இப்ப முப்பத்தேழரை, வீட்டுல நல்ல கவனிப்போ?" என்பாள். இஞ்ச் டேப் அவள் கழுத்தில் தொங்கியது சம்பிரதாயத்துக்குத்தான். தங்கையைச் சின்னவள் என்று கூப்பிடத் தொடங்கியதும் அவள்தான். அது ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது. சின்னவளுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. அலுவலகத்தில் மேலதிகாரிகூட அப்படித்தான் கூப்பிட்டார்.

கோடையில் அக்காவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. எல்லாவற்றையும் எடுத்தாயிற்று, இனி நடைதான் மருந்து என்று டாக்டர் சொன்னதாக அக்கா சொன்னாள். தையற்கடைக்குப் பூட்டுப் போட்டார்கள். 'விரைவில் திறக்கப்படும்' என்று சின்னவளே ஒரு பலகை எழுதி மாட்டினாள். அக்கா தன் பெட்டியோடு தங்கை வீட்டுக்கு வந்து, வந்த அன்றே சமையலறைச் சாமான்களையெல்லாம் இடம் மாற்றி வைத்தாள். தனியாகவே இருந்து பழகிய சின்னவளுக்கு ஒரு கரண்டி தேட கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால் மணி நேரத்தில் தனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஊரின் ஓரத்தில் மரங்களுக்கு நடுவே ஒரு நடைபாதை இருந்தது. கதவில் தொடங்கி ஏரிக்கரைப் பெஞ்சில் முடியும். மேடு பள்ளம் கிடையாது. நூறு மீட்டருக்கு ஒரு தூரக்கட்டை, மொத்தம் இருபது. இலையெல்லாம் உதிர்ந்து முடிவதற்குள் இருபதாம் கட்டையைத் தொட்டுவிட்டால் கடையைத் திறக்கலாம் என்பது டாக்டர் வைத்த கணக்கு. அதையும் அக்காதான் வந்து சொன்னாள். ஒவ்வொரு நாளும் எந்தக் கட்டை வரை போனாள் என்று எழுத ஓர் அட்டை குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது.

அன்று சாயங்காலம் சின்னவள் அதில் '3' என்று எழுதினாள். நான்கு நாளாக மூன்று. எழுதி முடித்துத் திரும்பினால் அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தேர்வில் தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்த பிள்ளையின் முகம் அந்த ஐம்பத்தேழு வயது முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலையில் பார்த்தபோது அட்டை திருப்பி ஒட்டப்பட்டிருந்தது. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

அந்தக் கட்டைகளைச் செய்ததே சின்னவள்தான். ஊர்ப் பூங்கா அலுவலகத்தின் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு அந்த வேலைதான். மரத்தை அறுத்து, அடியைக் கூராக்கி, எண்ணைச் செதுக்கி, வெள்ளை அடித்து, மண்ணில் இறக்குவது. 'புல்லை மிதிக்காதீர்' என்று அவள் எழுதிய பலகைகள் ஊரில் முப்பத்தொன்று இருந்தன. ஒருவரும் மதித்ததில்லை. மனிதர்கள் நம்பியது அவளுடைய எண்களை மட்டும்தான். எண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அவள் வேலைக்குப் போகிற வழியில் பாதைக்குப் போனாள். கதவருகே காவல்காரர் இலை கூட்டிக்கொண்டிருந்தார். அவர் கோட்டில் ஏழு பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. மற்ற ஆறின் வேலையை ஒரு சணல் கயிறு பார்த்துக்கொண்டிருந்தது. ஆண்டுப் பராமரிப்பு என்று அவரிடம் சொன்னாள். அப்படீங்களா என்று கேட்டுவிட்டு அவர் மறுபடி கூட்டினார்.

சாய்ந்த மரத்திலிருந்து நான்காம் கட்டைவரை எண்ணி நடந்தாள். நாற்பத்திரண்டு.

ஈர மண். இரண்டு ஆட்டு ஆட்டியதும் கட்டை கையோடு வந்தது. அதைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்து சாய்ந்த மரத்துக்குப் பக்கத்தில் நட்டாள். பழைய குழியை இலையால் மூடினாள். திருட்டு இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் ஊரில் பாதிப் பேர் செய்திருப்பார்களே என்று தோன்றியது.

அன்று நான்கு மணிக்கு அக்கா நான்காம் கட்டையைத் தொட்டாள். தொட்டு, அதன் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள்.

"இன்னைக்கு இது கொஞ்சம் நல்ல கட்டையா இருக்கு," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அட்டையைத் தானே திருப்பி ஒட்டினாள்.

சிக்கல் மறுநாள் தெரிந்தது. நான்கை நகர்த்தியதால் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே தூரம் கூடிவிட்டது. அக்கா பாதியிலேயே நின்றுவிட்டாள். ஆகவே ஐந்தையும் நகர்த்த வேண்டியதாயிற்று. ஐந்து வந்தால் ஆறு சும்மா இருக்குமா? ஒரு பொத்தானை இடம் மாற்றித் தைத்தால் வரிசை முழுவதையும் பிரிக்க வேண்டும் என்று அக்கா சொல்வாள். முதல் மூன்றும்கூடத் தப்பவில்லை, ஒரு வாரத்தில் சின்னவள் இருபது கட்டைகளையும் நகர்த்தினாள். கதவிலிருந்தே கட்டைக்குக் கட்டை அறுபது மீட்டர் என்று வைத்துக்கொண்டாள். நூற்றுக்கு அறுபது அப்படியொன்றும் பெரிய பொய் இல்லை என்று மனம் சொன்னது. பள்ளிக்கூடத்தில் அறுபது வாங்கினால் முதல் வகுப்பு.

அக்கா ஐந்து தொட்டாள். ஆறு. ஒரு நாள் ஓய்வு. ஏழு.

அறுபது மேனிக்குக் கணக்குப் போட்டாலும் ஏழு என்பது நானூற்று இருபது மீட்டர். முதல் வாரத்தைவிட அதிகம்தானே. கொஞ்சம் கை கொடுத்தேன், மிச்சத்தை அவளே நடந்தாள் என்று சின்னவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துண்டை வைத்து, அழுதாள். அது நல்ல அழுகை என்று நினைத்தாள்.

வேறு அடையாளங்களும் இருந்தன. அக்காவின் பழுப்புக் கோட்டு தோளிலும் இடுப்பிலும் எப்போதும் போல் கச்சிதமாக நின்றது. உடம்பு இளைக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வேலை முடிந்து வந்தால் சோபாவில் பழுப்பு நூல் துண்டுகள் கிடந்தன. கையில் ஊசி பிடிக்கிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. தினமும் பாதைக் கதவில் அக்காவை இறக்கி, காவல்காரரின் முக்காலியில் உட்கார வைத்துவிட்டு, சின்னவள் வண்டியைப் பின்பக்கம் நிறுத்திவிட்டு வருவாள். பத்து நிமிடம் ஆகும். ஒரு நாள் திரும்பி வந்தபோது அக்கா பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள். காவல்காரரின் கோட்டில் இரண்டாவது பொத்தான் இருந்தது.

"மனுஷன் சாக்கு மூட்டை மாதிரி கயிறு கட்டிட்டு நிக்கிறாரு. பாத்துட்டுச் சும்மா இருக்க முடியல," என்றாள் அக்கா.

காவல்காரர் தரையைப் பார்த்தபடி நின்றார். வெட்கப்படுகிறார் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

இதற்கிடையே ஊரில் ஓர் அதிசயம் நடந்தது. பேக்கரிக்காரர் சர்க்கரை வியாதிக்காக மூன்று வருடமாக அந்தப் பாதையில் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தவர். திடீரென்று அவருடைய நேரம் பாதியாகக் குறைந்தது. கடிகாரத்தை இரண்டு முறை மாற்றிப் பார்த்தார். மூன்றாம் நாள் சந்தோஷம் தாங்காமல் தெரு முழுக்க இலவசமாக பன் கொடுத்தார். நான்காம் நாள் பக்கத்து ஊர் ஓட்டப் பந்தயத்தில் பெயர் கொடுத்தார். அங்கே பாதி வழியில் உட்கார்ந்துவிட்ட அவரை அவருடைய சொந்த ரொட்டி வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர் மனைவி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. சின்னவள் அந்தக் கடையில் ரொட்டி வாங்குவதை நிறுத்தினாள். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்து வந்தவர் அவ்வளவு அப்பாவி இல்லை. ஓய்வுபெற்ற நில அளவைக்காரர் ஒருவர் நான்கு பக்கத்துக்குப் புகார் எழுதி, வரைபடமும் இணைத்து அனுப்பியிருந்தார். தன்னுடைய ஒரு தப்படி நாற்பது வருடமாக எழுபத்தாறு சென்டிமீட்டர் என்றும், அது மாறவில்லை என்றும், ஆகவே மாறியது பூமிதான் என்றும் அதில் கண்டிருந்தது.

மேலதிகாரி எப்போதும் ஜலதோஷத்தில் இருப்பவர். கடிதத்தைச் சின்னவளிடம் நீட்டி, மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க பெத்த கட்டைங்கதானே, நீங்களே போய் விசாரிங்க. மத்தவங்க கேட்டா அதுங்க பதில் சொல்லாது."

திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதை. சின்னவள் மூன்று நாள் விசாரித்தாள். மழையால் மண் இறங்கியதால் கட்டைகள் தாமாகவே நகர்ந்துள்ளன என்று அறிக்கை எழுதினாள். சமதரையில் மண் எந்தப் பக்கம் இறங்கும் என்று அவர் கேட்கவில்லை. தும்மினார். அப்படியானால் அளந்து, பழைய இடத்தில் நட்டுவிடச் சொன்னார். இம்மாதக் கடைசித் திங்கட்கிழமை அளவைக்காரரை அழைத்துக்கொண்டு தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

அலுவலகத்து அளவுச் சக்கரத்தை வீட்டுக்கு எடுத்து வந்தாள். அக்கா அதன் கைப்பிடியைப் பிடித்து வரவேற்பறையில் ஓர் அடி உருட்டிப் பார்த்தாள். இந்தக் குழந்தை வண்டியில் குழந்தை எங்கே என்று கேட்டாள். அலுவலகத் தோட்டத்தை அளப்பதற்கு என்று சின்னவள் சொன்னாள்.

"அளவு எடுக்கிறது வேற, அளவு சொல்றது வேற," என்றாள் அக்கா. "இடுப்பு நாப்பதுன்னா வாயில முப்பத்தெட்டுன்னு சொல்லணும், துணியை நாப்பதுக்கு வெட்டணும். கண்ணாடியில பாத்துட்டு சந்தோஷமா போவாங்க. முப்பது வருஷத்துல ஒருத்தர்கூட என்கிட்ட டேப்பைக் காட்டுன்னு கேட்டதில்ல. கேட்டா அவங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

மறுநாள் காலை சின்னவள் சக்கரத்தைக் கதவிலிருந்து உருட்டிக்கொண்டு போனாள். முந்தின நாள் அக்கா தொட்டது ஒன்பதாம் கட்டை. சின்னவளின் பொய்க்கணக்குப்படி அது ஐந்நூற்று நாற்பதில் நிற்க வேண்டும்.

முந்நூற்று நாற்பதில் நின்றது.

சக்கரத்தைத் தூக்கித் தட்டிப் பார்த்தாள். திரும்பக் கதவுக்குப் போய் மறுபடி உருட்டினாள். முந்நூற்று நாற்பது. மற்றவையும் அப்படித்தான். அவள் வைத்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கதவைப் பார்த்து இன்னும் நெருங்கி வந்திருந்தன, குளிருக்கு ஒண்டிக்கொள்ளும் ஆடுகளைப் போல.

அரைத்தூக்கத்தில் நட்டதில் கணக்குத் தப்பிவிட்டதோ என்று தன்னையே சந்தேகித்தாள். ஒன்பதைப் பிடுங்கி ஐந்நூற்று நாற்பதில் நட்டாள். அக்காவால் முடிந்த தூரம்தானே அது. அன்று மாலை நடக்கும்போது, ஒன்பதாம் கட்டை முந்தின நாள் நின்ற அதே புதருக்குப் பக்கத்தில் அவர்களுக்காகக் காத்திருந்தது. காவல்காரரின் கோட்டில் நான்காவது பொத்தான் முளைத்திருந்தது. வேறொரு கோட்டிலிருந்து வெட்டியது போல அது மட்டும் பழுப்பாக இருந்தது.

அடுத்த நாள் அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள், கட்டைகள் ஏன் இப்படி நகர்கின்றன என்று. அவர் துடைப்பத்தைச் சற்று யோசித்துப் பார்த்தார்.

"மண்ணு இறங்குதுங்கம்மா."

அவளுடைய பொய்யையே மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டப் போய்விட்டார்.

அவள் அதை வாங்கிக்கொண்டாள். நாலு பேர் ஓடுகிற பாதை, எவனாவது விளையாட்டுக்குப் பிடுங்கி நடுவான் என்று சொல்லிக்கொண்டாள். இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். ஒரு நாள் மதியம் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்தாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம் என்பார்கள். பூனையைத் தப்பாகப் புரிந்துகொண்டவர்கள் சொன்னது அது. பூனைக்கு உலகம் இருப்பது தெரியும். தெரிவதால்தான் மூடிக்கொள்கிறது. சக்கரம் சொன்னது உண்மையென்றால், இத்தனை வாரத்தில் அக்கா முதல் நாளைவிட ஒரு தப்படிகூட அதிகம் நடக்கவில்லை. ஆகவே சக்கரம் பழசு என்று முடிவு செய்தாள்.

அட்டையில் எண்கள் மட்டும் ஏறின. பதினொன்று. பன்னிரண்டு. பதினான்கு. குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண், இங்கே வேலி போடுகிறார்களா என்று சின்னவளிடம் கேட்டாள். பதினாறாம் கட்டையைத் தொட்டுவிட்டுத் திரும்பியபோது காவல்காரர் குடிசையின் சிவப்புக் கூரை தெளிவாகத் தெரிந்தது. இலை உதிர்ந்துவிட்டால் தொலைவில் இருப்பதும் தெரியும்தானே என்று நினைத்துக்கொண்டாள். அந்த நடைக்கு முன்பு இருபது நிமிடம் ஆகும். இப்போது நாற்பது ஆயிற்று. அக்கா வழியில் நின்று நின்று இலைகளைப் பார்த்தாள். இத்தனை வருடம் குனிந்தே தைத்துவிட்டேன், மரத்தில் இவ்வளவு நிறம் இருப்பது தெரியாமல் போயிற்று என்றாள். பார்க்கட்டும் என்று சின்னவளும் நின்றாள்.

அந்த வாரம் டாக்டரிடம் போனார்கள். எப்போதும் போல் அக்கா தனியாகவே உள்ளே போனாள். சின்னவளுக்கு மருந்து வாடை ஆகாது என்பது அவள் சொல்லும் காரணம். ஐம்பது நிமிடம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது. உள்ளே பினாயில் நெடி என்றாள். இருபதைத் தொடுங்க, அப்புறம் பாத்துக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லி, படியிறங்கும்போது தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி லேசாக இருந்தது. கடைசிப் படி வந்த பிறகும் விடவில்லை.

திங்கட்கிழமை அளவைக்காரர் வருகிறார். அதற்குள் கட்டைகள் பழைய இடத்துக்குப் போயாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இருபதைத் தொட்டுவிடலாமா என்று சின்னவள் மெதுவாகக் கேட்டாள். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, தொட்டுவிட்டால் போயிற்று என்றாள்.

ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. இருபதாம் கட்டை என்றால் ஏரி வர வேண்டும், பெஞ்சு வர வேண்டும். இப்போது அது நிற்கிற இடத்தில் எதுவும் கிடையாது. சனிக்கிழமை சின்னவள் பட்டறைக்குப் போய், 'ஏரிக்கரைப் பராமரிப்புக்காகப் பாதை தற்காலிகமாக மாற்றப்பட்டுள்ளது' என்று ஒரு பலகை எழுதினாள். அவள் வாழ்க்கையிலேயே மிக அழகாக வந்த எழுத்து அதுதான். பெஞ்சுக்குப் பதிலாக ஒரு மடக்கு நாற்காலி. ஏரிக்குப் பதிலாக என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு வந்தபோது காவல்காரரின் கோட்டு முழுசாகப் பூட்டியிருந்தது. ஏழு பொத்தான். கயிறு இல்லாமல் அவர் யாரோ பெரிய உத்தியோகஸ்தர் மாதிரி இருந்தார். அக்கா ஊசியைத் தன் கோட்டின் மடிப்பில் குத்திக்கொண்டு எழுந்தாள்.

நடந்தார்கள். பலகையை வைத்த இடம் வந்தது. அக்கா அதை நின்று படித்தாள். எழுத்து நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். பதினெட்டு. பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் நடுவே மூன்று முறை நின்றாள். காலடியில் இலைகள் நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது, இடைவெளி விட்டு, இடைவெளி விட்டு.

இருபதாம் கட்டையின் தலையில் அக்கா கையை வைத்தாள். தட்டவில்லை. ஊன்றிக்கொண்டாள்.

சின்னவள் நாற்காலியை விரித்துப் போட்டாள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். பாதையில் இன்னும் தள்ளி, முன்னால், அந்தச் சாய்ந்த மரம் கிடந்தது. முதல் நாள் அக்கா உட்கார்ந்த மரம். அதுவரைகூட அவர்கள் வந்திருக்கவில்லை. சின்னவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அக்காவும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரி எங்கே என்று அவள் கேட்கவேயில்லை.

பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். அக்கா அதைக் குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு சந்தோஷமாடி?"

"ரொம்பக்கா."

"அப்ப சரி."

கொஞ்ச நேரம் கழித்து, கோட்டுப் பையிலிருந்து கடைச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். என் பையில் ஓட்டை இருக்கிறது, உன்னிடமே இருக்கட்டும் என்றாள். ஊரார் பையையெல்லாம் தைப்பவள் பையில் ஓட்டையா என்று சின்னவள் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அட்டையில் '20' என்று அக்கா தன் கையாலேயே எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

அன்று சின்னவளுக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சாய்ந்த மரம் கண்ணுக்குள் கிடந்தது. இனிக் கண்ணை மூடிக்கொள்ள வழியில்லை என்று ஆனபோது அவளுக்கு ஒரு விடை கிடைத்தது. தாங்கிக்கொள்ளக்கூடிய விடை. குற்றம் தன்மேல்தான். அக்காவால் முடியும். முடிந்திருக்கும். கட்டையைக் கிட்டக் கிட்ட வைத்து, இதுவே போதும் என்று அவளை நம்பவைத்து, அவள் நடக்க வேண்டிய தூரத்தையெல்லாம் திருடியது தான்தான். தூரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அக்கா நடந்துவிடுவாள். தன்னை இவ்வளவு வசதியாக அவள் இதற்குமுன் திட்டிக்கொண்டதில்லை.

திங்கட்கிழமை காலை அக்கா இன்னும் எழுந்திருக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து, சாயங்காலம் நடைக்குப் போகணும், சீக்கிரம் வந்துடு என்றாள். இருபதுதான் தொட்டாயிற்றே என்றதற்கு, தொட்டதைத் தினமும் தொட்டால்தான் டாக்டர் ஒத்துக்கொள்வார் என்றாள். நாற்காலியில் மடித்துப் போட்டிருந்த பழுப்புக் கோட்டைச் சின்னவள் எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். உள்பக்கம் பக்கவாட்டுத் தையல் வரிவரியாக, ஒன்றுக்குள் ஒன்றாக நான்கைந்து முறை பிடித்துத் தைத்திருந்தது. பழைய கோட்டு, கிழிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினாள்.

தள்ளுவண்டி, கடப்பாரை, அளவுச் சக்கரம். காவல்காரர் கூட்டிக்கொண்டிருந்தார். மரங்களில் இலையே இல்லை. எங்கிருந்து இவ்வளவு குப்பை வருகிறது என்று தெரியவில்லை. சின்னவள் அவர் முன்னால் போய் நின்றாள். யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

"அண்ணே, மண்ணெல்லாம் இறங்கல. நான்தான் நகர்த்தினேன்."

"தெரியுங்கம்மா."

எங்கள் அக்காவுக்காகச் செய்தேன் என்றாள். செய்ததே வினையாகிவிட்டது என்றாள். நான் கிட்டக் கிட்ட நட்டு அவள் நடையையே குறைத்துவிட்டேன், இனி உள்ள தூரம் உள்ளபடி இருக்கட்டும், அவள் நடப்பாள், பாருங்கள், இந்தக் குளிருக்குள்ளேயே ஏரிவரை போகிறாளா இல்லையா என்று. அவர் கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினார்.

தூரக் கோடியிலிருந்து தொடங்கலாம் என்று இருபதாம் கட்டைக்குப் போனாள். அடியில் கடப்பாரையைக் கொடுத்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. காவல்காரர் வேகமாக வந்து, கட்டையின் தலையில், நேற்று அக்கா கை வைத்த அதே இடத்தில், தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார். இன்னொரு கை, புதிதாகத் தைத்த பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

"இதை மட்டும் விட்டுடுங்கம்மா," என்றார். "இதுவரைக்கும் அஞ்சு தடவை கட்டைங்கள இன்னும் கிட்ட நடச் சொன்னாங்க உங்கக்கா, தடவைக்கு ஒரு பொத்தான் தெச்சுக் குடுத்தாங்க. ஆறாவதையும் நேத்தே தெச்சுட்டாங்க, இந்த வாரம் இருபதைக் கதவுகிட்டயே கொண்டாந்து நட்டுடணுமாம், உங்களுக்குத் தெரியாம."